காஞ்சியைச் சுற்றிக் கல்லில் பள்ளிகள்

காஞ்சிபுரத்துக்கு வெளியூரிலிருந்து வருபவரின் ஒரு நாள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கழிகிறது. காலையில் காமாட்சி, அடுத்து ஏகாம்பரநாதர், நடை சாத்துவதற்குள் வரதர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காந்தி ரோட்டில் முகூர்த்தப் பட்டு. சிற்பத்தில் நாட்டம் உள்ளவர் என்றால் கைலாசநாதர் கோயிலையும் சேர்த்துக்கொள்வார். பொழுது சாய்ந்ததும் சென்னைக்கோ வேலூருக்கோ வண்டி கிளம்பிவிடும். சிவகாஞ்சி பார்த்தாயிற்று, விஷ்ணுகாஞ்சியும் பார்த்தாயிற்று. ஜினகாஞ்சி என்று மூன்றாவதாக ஒன்று இருப்பதை ஆட்டோக்காரரும் சொல்வதில்லை, கடையில் புடவையை விரித்துக் காட்டுபவரும் சொல்வதில்லை.

அதைக் காணப் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களின் தறிச் சத்தத்தைக் கடந்து, வேகவதிக் கரைப் பக்கம் போக வேண்டும். ஊரின் பெயர் திருப்பருத்திக்குன்றம். பட்டுக்கு உலகப் புகழ் பெற்ற நகரத்தின் சமணப் பகுதி பருத்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கூட்டைக் கொதிநீரில் இட்டுப் புழுவைக் கொன்ற பிறகே பட்டிழை கைக்கு வருகிறது. பருத்தி நூலுக்காக ஓர் உயிரும் போக வேண்டியதில்லை. கொல்லாமையை முதல் அறமாகக் கொண்டவர்களின் இருப்பிடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்க முடியாது.

அங்கே இரண்டு கோயில்கள். பல்லவர் காலத்து மணற்கல் கட்டடமான சந்திரப்பிரபர் கோயில் சிறியது, பழையது. அடுத்து இருக்கும் திரைலோக்கியநாதர் கோயில் சோழர் காலத்திலும் விஜயநகரக் காலத்திலும் வளர்ந்து பெரிதானது. அதன் சங்கீத மண்டபத்தை விஜயநகரப் படைத்தலைவர் இருகப்பர், தம் ஆசிரியர் புஷ்பசேனரின் சொற்படி 1387-88இல் கட்டினார். மண்டபத்தின் விதானம் முழுவதும் ஓவியம்: ரிஷபர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வாழ்க்கை வரிசை வரிசையாக ஓடுகிறது. 1934இல் டி.என். இராமச்சந்திரன் இந்தக் கோயில்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். சென்னை அருங்காட்சியகம் அதை வெளியிட்டது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வரும் பயணி, காஞ்சிச் சமணம் இதோடு முடிந்தது என்று எண்ணிவிடக்கூடும். உண்மையில் இந்தக் கோயில் ஒரு வாசல்தான். பாலாற்றுக்கு அப்பால், வந்தவாசி, செய்யாறு, ஆற்காடு, போளூர், செஞ்சி என்று விரியும் நிலப்பரப்பில் இருக்கும் குன்றுகளே வீடு.

சமணத்தில் காஞ்சிக்கு இருந்த இடம் சாதாரணமானது அன்று. உலகின் அமைப்பைக் கூறும் ‘லோகவிபாகம்’ என்ற சமண நூல் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் எழுதி முடிக்கப்பட்டதாக அந்நூலே குறித்து வைத்திருக்கிறது. பல்லவர் காலக் கணக்கை வரையறுக்க வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் பிடித்துக்கொள்ளும் உறுதியான முளைகளில் இந்தச் சமணக் குறிப்பும் ஒன்று. அடுத்த நூற்றாண்டில், சிம்மவிஷ்ணுவின் தந்தையான இன்னொரு சிம்மவர்மன், பருத்திக்குன்றத்து வச்சிரநந்திக் குரவருக்கு ஊர் ஒன்றைப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமணப் பள்ளிக்கு உரிய கொடையாக, கொடுத்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு சொல்கிறது. கி.பி. 640ஐ ஒட்டி வந்த சீனப் பயணி யுவான் சுவாங்கும் காஞ்சிப் பகுதியில் நிகண்டர்கள், அதாவது சமணத் துறவிகள், ஏராளமாக இருந்ததைக் குறித்துள்ளார்.

இந்தத் துறவிகள் எங்கே இருந்தார்கள்? நகரத்துக் கோயிலில் சிலர், பெரும்பாலோர் குன்றுகளில்.

காஞ்சியிலிருந்து தெற்கே வந்தவாசி சாலையில் போனால் தூசியை அடுத்து மாமண்டூர் ஏரி. அதன் கரையை ஒட்டிய குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரைகள் நான்கு வரிசையாக இருக்கின்றன. ‘மத்தவிலாசம்’ என்ற நாடகத்தின் பெயரைக் கல்லில் கொண்டது என்று கலை வரலாற்று மாணவர்கள் இந்த இடத்தைத் தேடி வருகிறார்கள். அதே குன்றில் அந்தக் குடைவரைகளுக்கு முந்நூறு, நானூறு ஆண்டு மூத்த எழுத்து ஒன்றும் இருக்கிறது. இயற்கையாக அமைந்த குகைத்தளத்தில் வெட்டிய தமிழி, அதாவது தமிழ்-பிராமி, கல்வெட்டு அது. தேனூரை வென்ற கணிமான் என்ற தலைவனின் பெயரும், வேலை செய்த தச்சனைப் பற்றிய குறிப்பும் அதில் உண்டு. மகேந்திரனின் சிற்பி உளியை எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பாறையில் உளிச் சத்தம் கேட்டிருக்கிறது.

குகைக்கோயில் என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று வெவ்வேறு இடங்களைக் குறிக்கிறோம். முதலாவது, பாறை தானாகவே கவிந்து உண்டான குகைத்தளம். அதில் மனிதக் கை செய்தது கொஞ்சம்தான். இரண்டாவது, பாறை முகத்தில் தீர்த்தங்கரர்களைப் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கிய இடம். மூன்றாவது, பாறையைக் குடைந்து தூணும் மண்டபமும் கருவறையும் எடுத்த குடைவரை. எல்லோராவின் சமணக் குடைவரைகளைப் படத்தில் பார்த்துவிட்டு, அதே பிரம்மாண்டத்தை எதிர்பார்த்துத் தொண்டை நாட்டுக் குன்றில் ஏறுபவர் முதல் பார்வையில் ஏமாந்துதான் போவார். இங்கே இருப்பவை பெரும்பாலும் முதல் இரண்டு வகை. அவற்றைப் பார்க்கும் விதமே வேறு.

முதலில் தலைக்கு மேலே பார்க்க வேண்டும். பாறையின் நெற்றியில் புருவம்போல ஒரு காடி வெட்டியிருப்பார்கள். பாறை மேல் விழும் மழைநீர் வழிந்து உள்ளே வராமல் அந்த விளிம்பிலேயே சொட்டிவிடும். கல்வெட்டு இருந்தால் பெரும்பாலும் அந்தக் காடிக்கு அடியில், நனையாத இடத்தில்தான் இருக்கும். அடுத்துத் தரையைப் பார்க்க வேண்டும். வழவழப்பாகத் தேய்த்த கற்படுக்கைகள், தலைப்பக்கம் தலையணைபோலச் சற்று உயர்த்தி விடப்பட்டிருக்கும். சில இடங்களில் மருந்து அரைத்த குழிகளும் உண்டு. பக்கத்தில் கட்டாயம் ஒரு சுனை. கடைசியாக ஒன்று செய்ய வேண்டும்: படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து வெளியே பார்க்க வேண்டும். வயலும் ஏரியும் ஊரும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் தெரியும். துறவி உலகத்தை விட்டு விலகினார். ஊரை விட்டுத் தொலைந்து போய்விடவில்லை. ஊர் உணவு கொடுத்தது. துறவி எழுத்தும் மருந்தும் அறமும் கொடுத்தார். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்ற நான்கையும் சமணர் நாற்கொடையாகப் போற்றினார்கள். துறவி தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர். இன்று பிள்ளைகள் படிக்கும் இடத்தையும் அதே சொல்லால்தான் அழைக்கிறோம்.

பள்ளியைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்போடு போனால், காஞ்சியைச் சுற்றியுள்ள குன்றுகள் சொல்லும் கதை வியப்பூட்டுகிறது. அதற்கு ஒரே ஒரு குன்று போதும்.

ஆற்காட்டுக்குத் தென்மேற்கே விளாப்பாக்கத்தை அடுத்து இருக்கிறது பஞ்சபாண்டவர் மலை. பாண்டவர் வனவாசத்தில் தங்கியதாக ஊரில் சொல்வார்கள். தமிழ்நாட்டில் கற்படுக்கை உள்ள குன்றுகள் பலவற்றுக்கும் இந்தப் பெயர் உண்டு. இதன் பழைய பெயர் திருப்பான்மலை. கிழக்கு முகத்தில் தூண்களோடு ஒரு குடைவரை, வேலை முடியாமல் நிற்கிறது. தென்பக்கத்தில் சுனையோடு கூடிய இயற்கைக் குகை. அங்கே பாறையில் சமணப் பெண்தெய்வமான ஓர் இயக்கியின் உருவம். நந்திவர்ம பல்லவனின் 50ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 780 வாக்கில், நாகநந்தி என்ற குருவின் உருவத்தோடு பொன்னியக்கியார் படிமமும் செதுக்கப்பட்டதாக அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது.

இருநூறு ஆண்டு கழித்து அதே மலையில் இன்னொரு பெண். இராசராச சோழனின் 8ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 992ஐ ஒட்டிய காலம். இலாடராசன் வீரசோழன் என்ற சிற்றரசன் மனைவியோடு மலைக்கு வந்து வணங்குகிறான். இந்தப் பள்ளிக்கு உரிய கூறகன்பாடி என்ற ஊரின் கற்பூர விலை என்ற வருவாயை முன்னிருந்தவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டதால் பள்ளிச்சந்தம் கெட்டுப் போகிறது, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவன் தேவி இலாடமாதேவி அங்கேயே நின்று விண்ணப்பிக்கிறாள். அவன் இசைகிறான். கோயில் சொத்து கைமாறிப் போன துயரமும், அதை ஒருத்தி பேசி மீட்டதும் அந்தப் பாறையில் பதிந்திருக்கின்றன.

இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் மூன்றாவது பெண்ணை மலை அடிவாரத்து விளாப்பாக்கத்தில் சந்திக்கலாம். பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 945. திருப்பான்மலை அரிட்டநேமி அடிகளின் மாணாக்கியான பட்டினிக் குரத்தியடிகள் அந்த ஊரில் ஒரு கிணறு வெட்டுவிக்கிறார். கிணறும் மனையும் பெண்பள்ளியாக அமைகின்றன. குரவர் என்றால் ஆசிரியர். குரத்தி என்றால் ஆசிரியை. நோன்பையே பெயராகக் கொண்ட ஓர் ஆசிரியை, ஆயிரத்து எண்பது ஆண்டுக்கு முன் பெண்களுக்கென்று ஒரு பள்ளிக்கு நீர் ஏற்பாடு செய்திருக்கிறார்.

வந்தவாசிப் பக்கம் வேடல் என்ற ஊரின் கல்வெட்டு இதைவிடவும் உயிருள்ள காட்சியைத் தருகிறது. முதல் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டு. கனகவீரக் குரத்தியார் என்ற பெண் துறவியின் மாணாக்கர் 500 பேர் ஒரு பக்கம். பெண் துறவியர் 400 பேர் இன்னொரு பக்கம். இரு தரப்புக்கும் பிணக்கு. ஊரார் தலையிட்டு, குரத்தியாரையும் அவர் மாணாக்கரையும் காத்து உணவளிப்பதாகக் கல்லில் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டுச் சிற்றூர் ஒன்றில் இத்தனை பேர் கூடியிருந்தார்கள், கருத்து வேறுபட்டார்கள், ஊர் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. இந்தச் செய்தி தமிழ்நாட்டின் ஒவ்வொரு பள்ளிப் பாடநூலிலும் இருக்க வேண்டியது. செஞ்சிப் பகுதியின் நெகனூர்பட்டியில், இதற்கு ஐந்நூறு ஆண்டு முற்பட்ட கல்வெட்டு, அந்தப் பள்ளியைச் செய்வித்தவள் சேக்கந்தி என்பவரின் தாய் என்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால் பெண்களின் கை இந்தக் குகைகளில் தொடக்கம் முதலே இருந்தது தெளிவாகும்.

போளூருக்கு அருகே திருமலை. தமிழ்நாட்டின் மிக உயரமான சமணத் திருவுருவம் எனப்படும் நேமிநாதர் அங்கே பாறையில் நிற்கிறார். சிகாமணிநாதர் என்றும் அழைப்பார்கள். அடிவாரத்தில் இராசராசனின் அக்கை பெயரால் அமைந்த குந்தவை ஜினாலயம். பாறையைக் குடைந்தும் தடுத்தும் எடுத்த அறைகளில் ஓவிய எச்சங்கள். முதலாம் இராசேந்திரனின் கங்கைப் படையெடுப்பைப் பற்றிப் பேசும் வரலாற்று நூல் எதுவும் திருமலைப் பாறைக் கல்வெட்டைச் சுட்டாமல் இருப்பதில்லை. அவனது 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. வென்ற நாடுகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. பட்டியல் முடிந்த பிறகு வரும் செய்திக்காகத்தான் அந்தக் கல்லே வெட்டப்பட்டது: வணிகர் நன்னப்பையனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் விளக்கெரிக்கவும் திருவமுது படைக்கவும் பொன் கொடுத்தார். பேரரசனின் கங்கை வெற்றியை நமக்குச் சேர்த்து வைத்தது ஒரு வணிகப் பெண் ஏற்றிய விளக்கு.

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களும் ஒரே பாறையில் இரண்டு வரிசையாக வீற்றிருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டும் அங்கேதான். தமிழின் ‘ஐ’ எழுத்து முதலில் தென்படும் கல்வெட்டாக எழுத்தியல் அறிஞர்கள் அதைச் சொல்வார்கள். வள்ளிமலையில் முருகனுக்கும் வள்ளிக்கும் காவடி எடுத்து ஏறுகிறவர்களின் வழிக்குப் பக்கத்திலேயே கங்க மன்னன் இராசமல்லன் எடுப்பித்த சமணக் குகை. சீயமங்கலத்தில் மகேந்திரனின் சிவன் குடைவரை ஒரு பக்கம், பார்சுவநாதரும் பாகுபலியும் செதுக்கிய பாறை மறுபக்கம்.

இந்த இடங்களின் ஆண்டுகளை ஒருமுறை கோத்துப் பார்ப்பது நல்லது. 780, அதன்பின் ஆதித்தனின் காலம், 945, 992, இராசேந்திரனின் 13ஆம் ஆண்டு, 1387. அப்பரால் மகேந்திரன் மனம் மாறினான், சமணப் பள்ளியை இடித்துத் திருவதிகையில் கோயில் எடுத்தான், தொண்டை நாட்டில் சமணம் அத்தோடு அடங்கியது என்பதுதான் பெரியபுராணம் வழியாக நம்மில் பலர் மனத்தில் பதிந்திருக்கும் வரலாறு. கல் வேறு சொல்கிறது. அப்பருக்கு நூற்றைம்பது ஆண்டுக்குப் பின் புதுப் படிமங்கள் செதுக்கப்பட்டன. முந்நூறு ஆண்டுக்குப் பின் பெண்பள்ளிக்குக் கிணறு வெட்டப்பட்டது. எழுநூறு ஆண்டுக்குப் பின் காஞ்சியில் மண்டபம் எழுந்தது. வாதமும் மோதலும் நடந்தது உண்மை. அருகருகே வாழ்ந்ததும் உண்மை. இரண்டாவது உண்மையை அறிய மலை ஏறிப் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

மகேந்திரனின் பெயர் இன்னொரு விதத்திலும் இந்தப் பயணத்தில் வருகிறது. புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் குடைவரையின் தாமரைக் குள ஓவியத்தை அவன் காலத்தது என்றே அறிஞர்கள் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்த அறிவர் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டு படிக்கப்பட்ட பிறகு அந்தக் கருத்து மாறியது. குகையில் ஒரு வரியைப் படிக்கிறோமா, படிக்காமல் விடுகிறோமா என்பது இருநூறு ஆண்டு வரலாற்றை இடம் மாற்றக்கூடியது. அந்த வரி எழுத்துப் பட்டையாகக் கண் முன் இருந்தும் அதன் வாசகம் தமிழில் ஒரு பலகையிலும் இல்லாத குன்றுகள் எத்தனையோ.

அழிந்துபோன ஒரு சமயத்தின் எச்சத்தைப் பார்க்க வந்தோம் என்று நினைத்துத் திரும்புவதுதான் பயணி செய்யும் பெரிய தவறு. சமணத்தைப் பின்பற்றும் தமிழர்கள் இங்கேயே இருக்கிறார்கள். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களின் ஊர்களில் உழவும் ஆசிரியப் பணியுமாக வாழும் நயினார் குடும்பங்கள் அவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சமணர் ஏறத்தாழ 89 ஆயிரம் பேர். வடநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களும் அதில் அடக்கம். பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொள்ளும் வழக்கத்தைத் தமிழ்ச் சமணர் வீடுகளில் இன்றும் காணலாம். ஜினகாஞ்சியின் மடம் இடம் பெயர்ந்து மேல்சித்தாமூரில் நிலைபெற்றிருக்கிறது. பொன்னூர் மலையில் சமண ஆசாரியர் குந்தகுந்தரின் பாதங்களை வணங்க இன்றும் ஏறுகிறார்கள். சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பித்தபோது, ஏட்டில் விளங்காத இடங்களைக் குடந்தைச் சமணர் இல்லங்களில் கேட்டுத்தான் தெளிந்தார். நூலுக்கு உரை சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தார்கள். குகைக்கு உரை சொல்லத் தெரிந்தவர்களும் அப்படியே அடிவாரத்து ஊர்களில் இருக்கிறார்கள். பெரியவர் ஒருவரைக் கேட்டு, அவரோடு ஏறுகிறவர் பார்ப்பது வேறு. வழிகாட்டும் செயலியை நம்பித் தனியே ஏறுகிறவர் பார்ப்பது வேறு.

இந்தக் குன்றுகளின் இன்றைய நிலையையும் சொல்லியாக வேண்டும். கற்படுக்கையில் காதலர் பெயர்கள். காடிக்கு அடியில் கல்வெட்டின் மேலேயே பெயின்ட். சுனையில் பிளாஸ்டிக், குகைக்குள் உடைந்த பாட்டில். வாணியம்பாடிப் பக்கம் ஆர்மாமலைக் குகையில், சித்தன்னவாசலோடு ஒப்பிட்டுப் பேசப்படும் ஓவியங்களில் எஞ்சியது சில துண்டுகள் மட்டுமே. வரலாற்றை அறியாதவர் செய்கிற கேடு இது என்று ஒதுக்கிவிட முடியாது. அறிவிக்க வேண்டியவர்கள் அறிவிக்காததன் விளைவும் இதில் இருக்கிறது. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் எந்தப் புதிய வேலையும் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்று 2010ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் சொல்கிறது. பட்டியலில் இடம் பெறாத குன்றுக்கு அந்த வேலியும் இல்லை. கல் குவாரிக்கு அது வெறும் கல்தான்.

மதுரைப் பக்கத்து அனுபவம் நம்பிக்கை தருகிறது. ‘பசுமை நடை’ அமைப்பினர் பல ஆண்டுகளாக மக்களைக் குடும்பத்தோடு சமண மலைகளுக்கு அழைத்துப் போய், அங்கேயே உட்காரவைத்து வரலாறு சொன்னார்கள். மகாவீரர் சிற்பமும் தமிழிக் கல்வெட்டும் உள்ள அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலம் ஆனது. அந்த வட்டாரத்தை உள்ளடக்கி விடப்பட்ட டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை மக்கள் எதிர்த்து நின்றார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. தங்கள் மலையில் என்ன இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்திருந்ததும் அந்தப் போராட்டத்துக்கு வலு சேர்த்தது. தொண்டை நாட்டில் தமிழ்ச் சமணர்களின் ‘அகிம்சை நடை’ இதே வேலையைச் செய்துவருகிறது. அது ஒரு சமூகத்தாரின் தனி அக்கறையாக நின்றுவிடக் கூடாது.

சுற்றுலாத் துறை பெரிதாக எதுவும் கட்ட வேண்டாம். கைப்பிடிச் சுவரும் செயற்கை நீரூற்றும் செல்ஃபி மேடையும் இந்தக் குன்றுகளுக்குத் தேவையில்லை. ஒவ்வொரு கல்வெட்டுக்கும் பக்கத்தில், பாறையைத் தொடாமல், அதன் வாசகமும் பொருளும் தமிழில் எழுதிய ஒரு பலகை. அடிவாரத்து ஊரிலிருந்தே சம்பளத்துக்கு ஒரு காவலர். காஞ்சிபுரத்துக் கோயில் சுற்றுலா வரைபடத்தில் திருப்பருத்திக்குன்றத்தில் தொடங்கி மாமண்டூர், திருப்பான்மலை, திருமலை வரை செல்லும் ஒரு கோடு. பாதுகாப்புப் பட்டியலில் இல்லாத பள்ளிகளை அதில் சேர்க்க ஓர் அரசாணை. இவ்வளவும் ஒரு நிதியாண்டில் முடியக்கூடிய வேலை.

போகிறவர்களுக்கும் சில கடமைகள் உண்டு. வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும், பாறை சுடும். தண்ணீர் எடுத்துச் செல்லலாம், பாட்டிலைத் திருப்பி எடுத்து வர வேண்டும். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று கல்வெட்டின் மேல் சுண்ணாம்போ மாவோ தேய்க்கக் கூடாது. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்து தானாகவே தெரியும். வழிபாடு நடக்கும் இடத்தில் செருப்பைக் கழற்றுங்கள். மது, புலால் இரண்டையும் அடிவாரத்துக்கும் கொண்டு போகாதீர்கள்.

அடுத்த முறை வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிக்கு வரும்போது அரை நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கூட வரும் பெண் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விளாப்பாக்கம் வரை போய் வாருங்கள். பட்டினிக் குரத்தியடிகளின் பெயரை அங்கே நின்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.